ஆவணியில் நின்ற டிக் டிக்

எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள் கவட்டை மாதிரி விரிந்து படுத்திருக்கும். ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர், நடுவே 120 டிகிரி. எண்பதுகளில் ரூபவாஹினி பார்ப்பதற்காக அப்பா நட்ட உயரமான ஆன்டெனாவை இறக்கியபோது மிஞ்சிய கம்பிகள் அவை. காக்கா உட்கார்ந்து ஒரு கம்பி லேசாக வளைந்திருக்கிறது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இந்தக் கவட்டையை வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாக நான் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்களை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இணையம் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். லேப்டாப்பில் செருக ரேடியோ சிக்னலை வாங்கும் ஒரு ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள், கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 ஒயர் கொஞ்சம், அவ்வளவுதான். நோவா-15 வந்தால் 137.62 மெகாஹெர்ட்ஸ், நோவா-18 என்றால் 137.9125, நோவா-19 என்றால் 137.1. தெற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ எழுந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் தலைக்கு மேல் போய் மறையும். அந்த நேரம் முழுக்க ஸ்பீக்கரில் ஒரு பழைய சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும். டிக் டிக், டிக் டிக். நொடிக்கு இரண்டு. ஒவ்வொரு டிக்கும் படத்தில் ஒரு வரி. வரி வரியாக இலங்கை வரும், பாக் நீரிணை வரும், அப்புறம் வங்காள விரிகுடா மேகத்தோடு வரும்.

2025 ஜூனில் 18ஐ அணைத்தார்கள். ஆகஸ்டில் 19. அது போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆவணி பிறந்த மூன்றாம் நாள் 15. எல்லாமே முன்னறிவிப்போடு, முறைப்படி நடந்ததுதான். டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, பேட்டரித் தொடர்பை வெட்டி, இனி எழ முடியாதபடி செய்துவிட்டுத்தான் விட்டார்கள்.

நோவா-15 மேலே போனது 1998 மே மாதம். அந்த வருடம்தான் நான் நாகப்பட்டினத்தில் கேபிள் லைன் இழுக்க ஆரம்பித்தேன். அதற்குக் குறித்திருந்த ஆயுள் இரண்டு வருடம். உழைத்ததோ 27 வருடம். கேபிள் போய், டிஷ் வந்து, டிஷ்ஷும் போய், இப்போது எல்லோரும் ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். நானும் ஃபைபர் ஒட்டுகிறேன். நோவா-15 மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதைச் சொன்னதும் எல்லோரும் "அந்தக் காலத்துச் சாமான், அப்படித்தான் உழைக்கும்" என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குறித்த ஆயுளைத் தாண்டி உழைத்த செயற்கைக்கோளைப் பார்த்துப் பெருமைப்படலாம். ஆனால் அந்த உபரி வருடங்களை நம்பித்தான் அரசாங்கங்கள் அடுத்ததைத் தள்ளிப்போடுகின்றன. இருபது வருடம் வீடு வீடாக ஏறி டிஷ் திருப்பியவன் என்கிற முறையில் எனக்கு இந்தப் புத்தி நன்றாகத் தெரியும். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி தண்ணீர் குடித்து, படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்த பிறகும் "இன்னும் தெரியுதுல்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார்கள். முழுக்கப் போவது கிரிக்கெட் இறுதிப்போட்டி அன்று. அப்புறம் எனக்குப் போன் மேல் போன்.

எல்என்பி என்றால் கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்டிவிடலாம். செயற்கைக்கோளை அப்படி வாங்க முடியாது. பணம் ஒதுக்கி, கருவிகளைச் செய்து, சோதித்து, ராக்கெட்டுக்கு வரிசையில் நிற்பதற்குள் பல வருடம் ஓடிவிடும். மேலே இருப்பது நல்ல இளமையில் இருக்கும்போதே அதன் வாரிசுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஓடுகிற வண்டிக்கு எதற்கு மாற்று வண்டி என்று நிதி கொடுக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

நம் கதையைப் பார்ப்போம். 1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏ, செப்டம்பர் தாண்டவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில் சேலஞ்சர் விண்கலத்தில் ஏறிப்போன இன்சாட்-1பிதான் நமக்கு முதலில் நிலைத்தது. அப்போதெல்லாம் ஒரே செயற்கைக்கோளில் தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை மூன்றையும் கூட்டுக்குடும்பமாக ஏற்றிவிடுவார்கள். வானிலைக்கென்றே தனியாகச் செய்தது 2002 செப்டம்பர் 12இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன மெட்சாட். அடுத்த பிப்ரவரியில் கொலம்பியா விபத்தில் கல்பனா சாவ்லா இறந்த பிறகு அதற்கு கல்பனா-1 என்று பெயர் வைத்தார்கள்.

கல்பனாவுக்குக் குறித்த ஆயுள் ஏழு வருடம். அதாவது 2009 செப்டம்பர் வரை. அதைவிட மேலான கருவிகளோடு இன்சாட்-3டி போனது 2013 ஜூலை 26. இடையில் 3 வருடம் 10 மாதம். 3டியின் ஆயுளும் ஏழு வருடம்தான், 2020 ஜூலையோடு சரி. அதன் இடத்துக்கென்று இன்சாட்-3டிஎஸ் போனது 2024 பிப்ரவரி 17. இடையில் 3 வருடம் 7 மாதம். இந்தக் கணக்கை ஒரு மின்கட்டண ரசீதின் பின்பக்கம் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவு கருணைக் காலம்.

அந்த நாட்களில் நாம் முழுக்கக் குருடாக இருந்தோம் என்று சொல்லவில்லை. முதல் இடைவெளியில் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இன்சாட்-3ஏ இருந்தது, அதிலும் வானிலைக் கேமரா உண்டு. இதில் எனக்கு ஒரு தனிக் கணக்கு. தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்காக நாகையில் நான் எத்தனை ஆன்டெனாவை அந்த 93.5 பக்கம் திருப்பியிருப்பேன்! அங்கேயே ஒரு வானிலைக்காரனும் உட்கார்ந்து நம்மைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாவது இடைவெளியில், 2016 செப்டம்பரில் போன இன்சாட்-3டிஆர் துணைக்கு இருந்தது. ஒன்று அரைமணிக்கு ஒரு படம் எடுக்கும், இன்னொன்று நடுவில் எடுக்கும், ஆக நமக்குக் கால்மணிக்கு ஒரு படம்.

2013 அக்டோபரில் ஒடிசாவுக்கு பைலின் புயல் வந்தது நினைவிருக்கிறதா? கல்பனாவுக்கு அப்போது வயது 11. இன்சாட்-3டி மேலே போய் மூன்று மாதம் முடியவில்லை, இன்னும் சோதனையில்தான் இருந்தது. ஏழு வருடத்துக்கென்று செய்த பொருளின் பதினோராவது வருடத்தில் அவ்வளவு பெரிய புயல்.

சரி, செயற்கைக்கோளுக்கு வயதாவது என்றால் என்ன? 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது என்கிறோம். உண்மையில் அது சும்மா நிற்பதில்லை. சூரியனும் நிலாவும் இழுத்துக்கொண்டே இருக்கும். அவ்வப்போது கொஞ்சம் எரிபொருளைப் பீய்ச்சித் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள வேண்டும். அந்த எரிபொருள் தீருவதுதான் பெரும்பாலும் கதை முடிவது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிடவும் கூடாது. சில நூறு கிலோமீட்டர் மேலே ஏறி, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கக் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். சுடுகாட்டுக்குப் போகும் செலவுக்கு முந்தானையில் முடிந்துவைக்கும் கிழவி மாதிரி.

நோவா வகை வேறு. 800 சொச்சம் கிலோமீட்டரில் வடக்கு தெற்காகச் சுற்றும், ஒரு சுற்றுக்கு 100 நிமிடத்துக்குச் சற்று மேல். பாதையைத் திருத்திக்கொள்ள அதற்கு வழியில்லை. அதனால் வருடம் ஆக ஆக நம் தலைக்கு மேல் வரும் நேரம் நகர்ந்துகொண்டே போகும். கருவியில் ஓயாமல் சுழலும் கண்ணாடியின் மோட்டார் தேயும். 15க்குக் கடைசி வருடங்களில் அந்தத் தொந்தரவு இருந்தது. படத்தில் கோடு கோடாக விழும், இரண்டு நாளில் தானே சரியாகும். நாங்கள் அதைத் திட்டியதே இல்லை. வீட்டில் வயதானவர் இருமினால் திட்டுவோமா?

19இன் கதை என் போன்ற ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. 2003 செப்டம்பர் 6, கலிபோர்னியாவில் சன்னிவேல், லாக்ஹீட் மார்ட்டின் தொழிற்கூடம். அப்போது அதற்கு நோவா-என் பிரைம் என்று பெயர். செங்குத்தாக நின்றதைப் படுக்கை வசமாகச் சாய்க்கிறார்கள். கீழே வண்டியோடு பிடித்து வைக்க 24 போல்ட்கள் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. வேறொரு வேலைக்கென்று இன்னொரு குழு கழற்றிக்கொண்டு போயிருந்தது, ஏட்டில் எழுதவில்லை. சாய்த்தவர்களும் தொட்டுப் பார்க்கவில்லை. தொப்பென்று தரையில் விழுந்தது. பழுது பார்த்து 2009 பிப்ரவரியில்தான் மேலே அனுப்பினார்கள். அப்படி விழுந்து எழுந்து போனதன் டிக் டிக் சத்தத்தைத்தான் நான் ஒன்பது வருடம் கேட்டிருக்கிறேன். டவரில் ஏறும் பையன்களிடம் இன்றைக்கும் சொல்வேன்: போல்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காதே, கையால் பார்.

அமெரிக்கா இந்த நோவா வரிசைக்கு மாற்றுத் தேடிய விதம் இன்னும் பெரிய கூத்து. 1994இல் ஒரு முடிவெடுத்தார்கள். ராணுவத்துக்கு ஒரு வானிலைச் செயற்கைக்கோள் வரிசை, பொதுமக்களுக்கு ஒன்று, ஏன் இரண்டு செலவு, சேர்த்து ஒன்றாகச் செய்துவிடலாம் என்று. என்போஸ் என்று பெயர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி வாங்கும் வீட்டில் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. ஆளாளுக்கு ஒரு கருவி கேட்க, செலவு மதிப்பீடு இரண்டு மடங்குக்கு மேல் போக, 2010 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையே பாகம் பிரித்துவிட்டது. 16 வருடம். அதில் ஒரு செயற்கைக்கோள்கூட மேலே போகவில்லை.

தப்பித்தது ஒத்திகைக்குச் செய்த ஒன்று. புதுக் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்காக மட்டும் 2006இல் அனுப்புவதாக இருந்த சோதனைச் செயற்கைக்கோள். அது 2011 அக்டோபரில்தான் போனது. மேலே ஏறிய பிறகு அதற்கு சுவோமி என்று ஒரு விஞ்ஞானியின் பெயரை வைத்து, சோதனை எல்லாம் போதும், நீயே வேலைக்கு வா என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதன் குறித்த ஆயுள் ஐந்து வருடம். அடுத்தது நோவா-20, போனது 2017 நவம்பர். கணக்குப் போட்டால் அங்கேயும் ஒரு வருடக் கருணைக் காலம்! அதற்குள் 2012இல் அமெரிக்காவுக்கு சாண்டி புயல் வந்தது. துருவச் சுற்றுச் செயற்கைக்கோள்களின் தரவை எடுத்துவிட்டு அதே கணிப்பை மறுபடி ஓட்டிப் பார்த்த ஐரோப்பிய வானிலை மையம், அவை இல்லாமல் இருந்தால் சாண்டி கரைக்குத் திரும்புவதை நான்கைந்து நாள் முன்னால் சொல்லியிருக்க முடியாது என்று கண்டது.

கடன் வாங்கிய கதைகளும் உண்டு. ஒரே இடத்தில் நிற்கும் வகையில் அமெரிக்காவிடம் ஒரு கட்டத்தில் கோஸ்-7 ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, 1991இல் ஐரோப்பா தன் மீட்டியோசாட்-3ஐ நகர்த்திக் கொடுத்து உதவியது. எனக்குப் பிடித்தது ஜப்பான் கதை. ஹிமவாரி-5, 1995இல் போனது, ஆயுள் ஐந்து வருடம். மாற்றைச் சரியான நேரத்தில்தான் செய்தார்கள், 1999 நவம்பர் 15 அன்று ஏவினார்கள். ராக்கெட் எஞ்சின் நின்றுவிட, வெடிக்க வைத்து அழிக்க வேண்டியதாயிற்று. விடவில்லை ஜப்பான்காரர்கள். கடலுக்கடியில் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் கிடந்த எஞ்சினைத் தேடி எடுத்துக் காரணம் கண்டுபிடித்தார்கள். ஆனால் மாற்றுச் செயற்கைக்கோள் உடனே கிடைக்குமா? ஹிமவாரி-5 மூச்சுவாங்கிக்கொண்டே 2003 மே வரை ஓட்டியது. அப்புறம் அமெரிக்காவிடம் கோஸ்-9ஐ இரவல் வாங்கினார்கள். அதுவே கோளாறு கண்டு 1998இல் ஒதுக்கி வைக்கப்பட்டது! ஓரமாகப் போட்ட பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தது போல. இரண்டு வருடம் ஜப்பானின் சூறாவளிகளை அதுதான் பார்த்தது.

பட்ட அடி வீணாகவில்லை. ஹிமவாரி-8ஐ 2014 அக்டோபரிலும் 9ஐ 2016 நவம்பரிலும் இரட்டையாக அனுப்பினார்கள். ஒன்று வேலை செய்யும், இன்னொன்று மேலேயே தயாராக இருக்கும். 2022 டிசம்பர் 13 அன்று ஆள் மாறிக்கொண்டார்கள். பூமத்திய ரேகைக்கு மேல் கிழக்கே 140.7 டிகிரியில் நிற்கும் ஹிமவாரியின் படத்தில் வங்காள விரிகுடா மேற்கு ஓரத்தில் சாய்வாகத்தான் தெரியும். அப்படியும் நம் ஊர் வானிலை ஆர்வலர்கள் அதைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு படம், அதுவும் 16 ஒளி அலைவரிசையில். நம் 3டியில் படம் எடுக்கும் கருவிக்கு ஆறு அலைவரிசை. அதற்குப் பத்து வருடம் கழித்துப் போன 3டிஎஸ்ஸிலும் ஆறுதான்.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு மனம். அதே அச்சில் இன்னொன்று வார்த்தால் வேலை தெரிந்தது, சோதனை குறைவு, சீக்கிரம் முடியும். ஆயுள் தாண்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் எப்போதும் அவசரத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் எப்போதும் பழைய அச்சுதான். ஒரு நல்ல செய்தி, 3டிஎஸ்ஸுக்கு முழுச் செலவும் புவி அறிவியல் அமைச்சகத்துடையது. புயலைப் பார்க்கிறவர்களே பணத்தையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஏறிப்போன ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் மேல்தான் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கம்மியாக இருந்தது. 2021 ஆகஸ்டில் அதன் கிரையோஜெனிக் அடுக்கு பற்றாமல் போய், பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள் ஒன்று வீணானதே. 2024 பிப்ரவரி 17 மாலை, பட்டறையில் மூன்று பேர் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். செயற்கைக்கோள் பிரிந்தது என்றதும் கைதட்டினேன். வந்திருந்த வாடிக்கையாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 1977 நவம்பர் 12. நாகைப் புயல். எனக்கு மூன்று வயது. அம்மா என்னைக் கட்டிலுக்கடியில் தள்ளி அதன் மேல் அம்மிக்கல்லை வைத்தாராம். நமக்கென்று மேலே நிலையாக ஒரு கண் கிடையாது அப்போது. 2018 நவம்பர் 15, கஜா. மாலை ஏழு மணிவாக்கில் நோவா-15 ஒரு தடவை மேலே போனது. கறுப்பு வெள்ளையில், கோடிக்கரைக்கு நேர் கிழக்கே, இறுக்கிச் சுற்றிய பிரிமனை போல அது உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து வானிலை நிலையம் சொல்லாத எதையும் நான் சொல்லிவிடவில்லை. எச்சரிக்கைக் கூண்டு ஏற்கெனவே ஏறியாயிற்று, படகு கடலுக்குப் போக மீன்துறை தரும் டோக்கனை நிறுத்தி நாலு நாள். ஆனால் அந்தப் படத்தைக் காட்டித்தான் அக்கரைப்பேட்டை அண்ணனைக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வரவைத்தேன். ரேடியோ சொன்னதை நம்பாதவர், டிக் டிக் என்று கண்முன்னே வரி வரியாக விழுந்ததை நம்பினார். நள்ளிரவு தாண்டிக் கரையேறியது. விடிந்து பார்த்தால் ஆன்டெனா கவட்டை இரண்டு தெரு தள்ளிக் கிடந்தது.

புது அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எல்லாவிதத்திலும் பழையதை மிஞ்சியவை. ஆனால் இந்த எளிய டிக் டிக் ஒலிபரப்பு அவற்றில் இல்லை. 7.8 கிகாஹெர்ட்ஸில் கொட்டுகின்றன. பிடிக்க வேண்டுமானால் டிஷ் வேண்டும், அதுவும் செயற்கைக்கோளைத் துரத்தித் திரும்பும் டிஷ். மாற்று என்று சொல்கிறோமே, அதில் எதை எடுத்துப்போவது, எதை விட்டுவிடுவது என்பதையும் ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்கிறார்கள். என்னைப் போன்ற கவட்டைக்காரன் அந்தக் கணக்கில் வரமாட்டான். வரவேண்டும் என்று கேட்பதற்கும் எனக்கு உரிமை கிடையாது, வரி கட்டுவது நான் இல்லை.

இந்தியாவில் கட்டுகிறேன். அதனால் இதை மட்டும் கேட்டுவைக்கிறேன். 3டிஆருக்குக் குறித்த ஆயுள் 10 வருடம். 2026 செப்டம்பரோடு முடிகிறது. பட்டறைக் காலண்டரில் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு ரஷ்யாவின் மீட்டியோர் வானிலைச் செயற்கைக்கோள்கள் இரண்டு என் கவட்டைக்கு எட்டுகின்றன. எம்2-3, எம்2-4. முதலாவதன் ஆன்டெனா மேலே சரியாக விரியவில்லை என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு, சிக்னலும் மெலிவுதான். இரண்டாவது நன்றாக வருகிறது. டிஜிட்டல் என்பதால் படம் நோவாவைவிடத் துல்லியம். சத்தம் மட்டும் வெறும் இரைச்சல்.

போன ஞாயிறு அண்ணன் வந்திருந்தார். கேட்டுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கெட்டுப்போச்சா?" என்றார்.

"இல்லண்ணே, இது வேற ஆளு. ரஷ்யாக்காரன்."

"வடை சுடுற மாதிரில்ல கேக்குது."

படம் வரும்வரை உட்கார்ந்திருந்தார். ராமேசுவரம் தெரிந்ததும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அக்கரைப்பேட்டை எங்கே என்று தேட ஆரம்பித்தார்.